மூன்று புரி நாண்

எனக்கு வில் பிடிக்கத் தெரியும் என்று நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. திறந்தேன். அதுவும் மருதமுனையில், மாமி வீட்டுச் சாப்பாட்டுப் பாயில் குந்திக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு. வந்து குடியேறிய மாப்பிள்ளைக்கு வாய் என்பது சாப்பிடுவதற்கும் "ஓம் மாமா" சொல்வதற்கும் மட்டுமே தரப்பட்டது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் சம்மாந்துறைக்காரன், வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவன். கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கலியாணம் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் கரையில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. புருசன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வளவுக்கு வரவேண்டும். வீடு அவளுடையது. கிணறு அவளுடைய உம்மாவுடையது. முற்றத்துக் கோழிகள் அவளுடைய ராத்தாவுடையவை, அதாவது அக்காவுடையவை. அவற்றை விரட்டுவதற்குக்கூட எனக்கு அதிகாரம் இருந்ததாகச் சொல்லமுடியாது. அந்த வளவில் எனக்கென்று இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு வில்.

வில்லின் கதை சின்னது. காட்டிலிருந்து தேன் கொண்டு வரும் ஒருவர் என் வாப்பாவுக்குக் கொடுத்தது. வயற்காவலுக்குப் போன போகங்களில் நான் அதை வைத்துக்கொண்டு தேங்காய் மட்டைகளை எய்து பழகினேன். ஒரு பன்றியைக்கூட நான் எய்ததில்லை. பன்றிகள் என்னைக் கண்டு பயந்ததாகவும் நினைவில்லை. ஆனால் மட்டை விசயத்தில் நான் கெட்டிக்காரன். முப்பது கெஜத் தூரத்தில் நட்டு வைத்த மட்டை என்னிடம் தப்பியது குறைவு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததற்கு என் கையைக் குற்றம் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். கையில் பிழையில்லை. வில்லில் ஒரு குறை மட்டும் இருந்தது. நாண் இல்லை. மரப்பட்டை நாரில் முறுக்கிய பழைய நாண் எப்போதோ உளுத்து உதிர்ந்துவிட்டது.

அந்த வருசம் கல்முனைக் கடற்கரையில் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்காகக் கானிவல் வைத்தார்கள். சுதந்திரம் கிடைத்துச் சில வருசங்கள்தான் ஆகியிருந்தன. எல்லோருக்கும் அவசரமாகப் பழம்பெருமை தேவைப்பட்ட காலம். நேற்றுவரை வெள்ளைக்காரத் துரைக்குக் குடை பிடித்தவர்கள் இன்று தங்கள் மூத்தவாப்பா வாள் பிடித்ததாகக் கதைத்தார்கள். கானிவல் கமிட்டித் தலைவர் அந்த வகை. கூட்டத்தில் எழுந்து, வில்வித்தை நம்முடைய முன்னோர்களின் இரத்தத்தில் ஊறியது, ஆகவே வில் போட்டி வைக்கிறோம் என்றார். எங்கள் முன்னோர்கள் வலை இழுத்தார்கள், தறி நெய்தார்கள், நெல் விதைத்தார்கள், கடை வைத்தார்கள். வில் எந்த இரத்தத்தில் எப்போது ஊறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள். ஒரு கிழமைக்குள் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தத் தாய்வழிக் குடியை எடுத்தாலும் அதில் ஒரு பெரிய வில்லாளி வாழ்ந்து மௌத்தாகியிருந்தார். பள்ளிவாசல் லெவ்வையிடமும் போய்க் கேட்டார்கள். வில் எய்வது நல்ல காரியம், வீம்பு இல்லாமல் செய்யுங்கள் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி ஊரெல்லாம் பரவியது.

முதற் பரிசு ஒரு தையல் மிசின்.

இதை நான் வீட்டில் சொன்ன அன்று என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"இஞ்சேருங்க, மெய்தானா? தையல் மிசினா?"

"ஓம் புள்ள."

"காலால மிதிக்கிறதா, கையால சுத்துறதா?"

"கையால சுத்துறதெண்டுதான் கதைக்காங்க."

"கையால சுத்துறதெண்டா நல்லம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தறி மடுவத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது வந்திச்செண்டா நான் தார் சுத்தப் போமாட்டன்."

அவளுடைய வாப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அதே வளவில் ஆறு தறிகள் ஓடும் மடுவம் இருந்தது. ஆறு தறியிலும் குறுக்கே ஓடும் நாடாவில் போடும் தார்க் குழல்களுக்கு நூல் சுற்றுவது எட்டு வயதிலிருந்து இவளுடைய வேலை. கலியாணம் முடித்த பிறகும் அது மாறவில்லை. மாறுவதற்கு அவள் எங்கே போனாள்? நான்தானே வந்தேன். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் மாமா முற்றத்தில் நின்று ஒரு குரல் கொடுப்பார். இவள் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போவாள். அவளுடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். ராட்டு சுற்றிச் சுற்றி வந்தது அது. தையல் மிசின் ஒன்று இருந்தால் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கலாம், பிள்ளைகளுக்குச் சின்ன உடுப்புத் தைக்கலாம், பெண்கள் அளவுச் சட்டையைக் கடைத்தெரு ஆம்பிளைத் தையற்காரனுக்கு அனுப்பிவிட்டுக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, வாப்பா கூப்பிட்டால் "எனக்கு வேலை இரிக்கி வாப்பா" என்று சொல்லலாம். இதையெல்லாம் அவள் அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் என்னோடு அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தரம். வாத்தியார் சம்பளத்தில் மிசின் வாங்குவதென்பது கிழவனாகும்வரை நடக்காத காரியம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்ச்சியில்தான் இராச் சாப்பாட்டில், எல்லோர் முன்னிலையிலும், எனக்கு வில் பிடிக்கத் தெரியும், ஒரு நல்ல நாண்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நாணுக்கு எங்க போற மருமகன்? நூல் கெடந்து மிதிபடுற வளவு இது. நாளைக்கே முறுக்கித் தாறன்."

முறுக்கித் தந்தார். நல்ல பருத்தி நூல், பல இழை சேர்த்து, இழை பிரியாமல், கைதேர்ந்த முறுக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தறிப் பாவுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு வந்த கை சும்மா இருக்குமா? நாணை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, இரண்டு மரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டி, தூரிகையால் நீவி நீவிக் காய வைத்தார். கஞ்சி போடாத எதையும் மாமா முடிந்த பொருளாக ஒத்துக்கொள்ளமாட்டார். அவருடைய சாறனைக் கழற்றி வைத்தால் அது தன்பாட்டில் நிற்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாணில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா? நல்ல கஞ்சி எண்டபடியாத்தான் திண்டிருக்கு," என்று இன்னொரு நாண் முறுக்கி, அதற்கு இன்னும் கட்டியான கஞ்சி போட்டார்.

இந்தச் சேதி அடுத்த வீட்டுக்குப் போனது. அடுத்த வீடு என்றால் அதே வளவுக்குள் ராத்தாவின் வீடு. ராத்தாவை முடித்தவர் சாய்ந்தமருதுக்காரர், கரைவலை முதலாளி. எனக்கு முன்னால் வந்த மருமகன் என்பதால் அவர் பெரிய மருமகன், நான் சின்னவன். அண்ணன் முறைக்கு நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். காக்கா ஒரு பவுடர் டின்னைக் கொண்டு வந்து, மூடியைத் திறந்து, வெள்ளைச் சீலைக்குள் சுற்றியிருந்த ஒரு நூல் சுருளை வெளியே எடுத்தார். கண்ணாடிபோல ஒளி தெரிந்தது.

"இது என்ன தெரியுமா தம்பி? நைலோன். திருக்கோணமலையில கப்பல்காரன் ஒருத்தன்ட்ட வாங்கின. வெள்ளக்காரன் ஆகாசத்துல இருந்து குதிக்கிறதே இதப் புடிச்சிக்கிட்டுத்தான். இழுத்தா அறா, மழையில நனையா, வெயில்ல உளுக்கா, கரப்பான் திங்கா."

கடைசிச் சொல்லை அவர் மடுவத்துப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். ஊரில் அப்போது நைலோனைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. காக்கா அதைத் தொடவிடவும் மாட்டார், தொட்டுப் பாருங்கள் என்று சொல்லாமலும் இருக்கமாட்டார்.

இரண்டு பேரோடு முடிந்திருந்தால் சமாளித்திருப்பேன். மாமி குசினி வாசலில் வந்து நின்று, "ஏன், என்ட தம்பிய மறந்தா போயிட்டீங்க?" என்று கேட்டார். மாமியின் தம்பிக்குக் கல்முனைச் சந்தையில் இறைச்சிக் கடை. மறுநாளே ஒரு பொட்டலம் மாட்டு நரம்பு வந்தது. "நரம்பவிட உறுதியான சாமான் ஒலகத்துல இல்ல. அல்லாஹ் படைச்ச நாண் அது. நூல மனிசன் செஞ்ச," என்று ஒரே வரியில் மாமாவையும் காக்காவையும் வெள்ளைக்காரனையும் தள்ளி வைத்தார் மாமி. நரம்பைக் கிழித்துக் கூரையில் காயப் போட்டார். காகம் எடுக்காமல் இரண்டு நாள் விளக்குமாறும் கையுமாகக் காவல் இருந்தார். வாடை வீட்டுக்குள் வந்தது. புது மாப்பிள்ளை மூக்கைப் பொத்தக்கூடாது, நான் பொத்தவில்லை.

இப்போது ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மூன்றும் நல்ல நாண்கள். தென்னைக்குப் பின்னால் மட்டையை நட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்டி எய்து பார்த்தேன். பருத்தி கொஞ்சம் விறைப்பு, ஆனால் அம்பு நேராகப் போனது. நைலோன் கொஞ்சம் இழுபடும்; அதற்கேற்ப வில்லை இன்னும் வளைத்துப் பூட்டினால் சரி. நரம்பு ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும், அதற்கும் கை பழகிவிடும். எதை எடுத்தாலும் மட்டையில் பட்டது. ஒன்றை எடுப்பதுதான் ஏலாமல் இருந்தது.

ஏனென்றால் நான் எந்த நாளில் எதைப் பூட்டுகிறேன் என்பதை வளவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பருத்தியைப் பூட்டிய அன்று ராத்தா வீட்டிலிருந்து வழக்கமாக வரும் மீன் வரவில்லை. நைலோனைப் பூட்டிய அன்று மாமா என்னோடு நூல் தட்டுப்பாட்டைப் பற்றி மட்டும் கதைத்தார். நரம்பைப் பூட்டாத ஒவ்வொரு நாளும் மாமி தேத்தண்ணியை எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இருப்பவன் யாரோடு முகத்தை முறிக்கமுடியும்? முறித்தால் எங்கே போய் இருப்பது? பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவன் நான். வளவு வாசற் கடப்படி தாண்டி உள்ளே வந்தால் எனக்குத் தும்மல்கூடக் கேட்டுத்தான் வரும்.

ஆறாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. கொழும்பில் ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகளெல்லாம் சேர்ந்து நாட்டை ஆளலாம் என்று கதைத்துக்கொண்டிருந்த நேரம். பத்திரிகையில் அதைப் படித்துப் படித்து எனக்கும் அந்த நோய் தொற்றியிருக்கவேண்டும். மாமாவின் பருத்தியில் ஒரு புரி, காக்காவின் நைலோனில் ஒரு புரி, மாமியின் நரம்பில் ஒரு புரி. மூன்றையும் சேர்த்து ஒரே நாணாகத் திரித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பங்கு. பார்க்க வெள்ளை, கண்ணாடி, மஞ்சள் என்று மூன்று நிறமும் மாறி மாறி ஓடும். வளவில் அன்றைக்குப் பெருநாள்தான். மீன் வந்தது. மாமா தோளில் தட்டினார். தேத்தண்ணி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அதுவும் சீனி தாராளமாக.

என் மனைவி மட்டும் கேட்டாள்.

"கடைசியா எதப் பூட்டப் போறீங்க?"

"மூண்டையும்தான். மூண்டும் சேந்தா பலம்தானே புள்ள."

"பலம் ஆருக்கு?"

நான் அம்பு ஒன்றின் நுனியைத் தீட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். வாத்தியார்களுக்குக் காது கேளாமல் போகும் கலை நன்றாக வரும்.

போட்டிக்கு முதல் நாள் காலை ஈரக் காற்றில் எய்து பார்த்தேன். பத்து அம்பும் சரியாகப் போயின. மாமா அது பருத்தியின் நேர்த்தி என்றார். காக்கா அது நைலோனின் வேகம் என்றார். மாமி தலையை மட்டும் ஆட்டினார். அது நரம்பு என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. நானும் நம்பிவிட்டேன். அல்லாஹ் மேல் ஆணை, நான் என்னை ஒரு பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குத் தூங்கினேன்.

போட்டியன்று கச்சான் காற்று அடித்தது. மேற்கிலிருந்து காய்ந்து வறண்டு வரும் காற்று. கிணற்றுக் கயிறுகூட முறுகும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடற்கரை மணல் காலைச் சுட்டது. ஒலிபெருக்கியில் தலைவர் நம்முடைய இரத்தத்தில் ஊறியதைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்திருந்தார். வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றை நட்டு, அதில் சோற்றுக் கோப்பை அளவில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று அம்பு. வட்டத்துக்குள் யாருக்குக் கூட விழுகிறதோ அவருக்கு மிசின். மிசின் மேசையில் இருந்தது. கறுப்பு நிறம், மேலே பொன் நிறத்தில் பூ வேலை. பெண்களுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்புக் கட்டி ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மிசினுக்கு மிகக் கிட்டிய பக்கம் அது. என் மனைவி மாமியோடும் ராத்தாவோடும் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் வந்து அங்கே இறங்கியதைக் கண்டேன்.

எனக்கு முன்னால் எய்த வில்லாளிகளின் வாரிசுகளைப் பற்றி விரிவாகச் சொல்வது பாவம். ஒருவருடைய வில்லே முறிந்தது. ஒருவர் அம்பைத் தலைகீழாக வைத்தார். இன்னொருவருடைய அம்பு தலைவர் மேடைக் கூரையில் குத்தி நின்று, பேச்சை ஒருவழியாக முடித்து வைத்தது. எய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். திருக்கோவிலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்க் கமக்காரர், ஐம்பது வயதிருக்கும். வயலைக் காக்கப் பன்றிக்கு எய்து பழகிய கை. அவர் இரண்டை வட்டத்துக்குள் போட்டார், மூன்றாவது விரற்கடை வெளியே போனது.

அதற்குப் பிறகு நான்.

முதல் அம்பு நடு வட்டத்தில் போய்க் குத்தியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு அம்பை நான் பிறகு எய்ததே இல்லை. சனம் கூவியது. இரண்டாவதை இழுத்தேன். விடும்போது காதடியில் "பட்" என்று ஒரு சத்தம். அம்பு வட்டத்தின் ஓரத்துக்குள் விழுந்தது, ஆனால் நாணில் மஞ்சள் புரி அறுந்து தொங்கியது. கச்சானில் நரம்பு காய்ந்து சுருங்கி, மூன்று புரியின் பாரத்தையும் தனியாக ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. மற்ற இரண்டும் சும்மா கூட வந்திருக்கின்றன.

இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஒன்று விழுந்தால் மிசின் என்னுடையது. நடுவராக நின்றவர் நல்ல மனிதர். கிட்ட வந்து நாணைப் பார்த்தார்.

"வாத்தியார், இது தாங்காது. அஞ்சு நிமிசம் தாறன். வேற நாண் இருந்தா மாத்துங்க."

வேறு நாண் இருந்ததா? இருந்தது! இடப்பக்கம் கயிற்றுக்கு மேலால் எட்டி மாமா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கையில் கஞ்சி போட்ட முழுப் பருத்தி நாண், புதிதாக முறுக்கியது. வலப்பக்கம் காக்கா நைலோன் நாணைக் கையில் சுற்றிக்கொண்டு, "தம்பி, இஞ்ச, இஞ்ச" என்றார். காக்காவைவிட மாமா ஒரு அடி கிட்ட, அவ்வளவுதான். நான் செய்யவேண்டியதெல்லாம் ஒரு பக்கம் இரண்டு எட்டு வைப்பது. எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. நான் மாமாவைப் பார்த்தேன். காக்காவைப் பார்த்தேன். மாமா இவ்வளவு சனத்துக்கு முன்னால் கையை நீட்டிவிட்டார், அதை வெறுங்கையாகத் திருப்பினால் அவர் முகம் என்னாவது? காக்கா பெரிய மருமகன், அவரைத் தள்ளினால் ராத்தா உம்மாவிடம் அழுவாள். ஐந்து நிமிசத்தில் மூன்றை நான் இப்படி நின்றே கழித்தேன். பிறகு நான் ஒரு வீரனுடைய குரலில் சொன்னேன்: "வேணா. இருக்கிறதே போதும்."

சனம் கை தட்டியது. ஒருவன் "சிங்கம்டா வாத்தியார்!" என்று கத்தினான். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் கேட்டால் உடம்பு கூசும்.

மூன்றாவது அம்பைப் பாதி இழுக்கும்போதே பருத்தி அறுந்தது. மிஞ்சிய நைலோன் புரி அறவில்லை. காக்கா சொன்னது மெய்தான், அது அறாது. இழுபட்டது. இழுக்க இழுக்க வந்தது. விட்டபோது அம்பு எனக்கு முன்னால் எட்டு முழத்தில், யாரோ கையால் வைத்ததுபோல, மணலில் குத்தி நின்றது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சமநிலை என்பதால் ஆளுக்கு இன்னொரு அம்பு என்றார்கள். திருக்கோவில்காரர் எய்து உள்ளே போட்டார். என்னிடம் எய்யக்கூடிய நாண் இருக்கவில்லை. மாமாவும் காக்காவும் கையை இழுத்துக்கொண்டு எப்போதோ பின்னால் போயிருந்தார்கள். ஆளுக்கு ஆள் நான் மற்றவருடையதை வாங்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்தக் கமக்காரர் மிசினை வாங்கிக்கொண்ட பிறகு என்னிடம் வந்தார். என் வில்லை எடுத்து, தொங்கிய நாணை விரலால் நீவினார்.

"என்ன வாத்தியார் வேல செய்திருக்கிறியள்? ஒண்டு சுருங்கும், ஒண்டு இழுபடும், ஒண்டு விறைச்சி நிக்கும். எந்த நேரமும் ஒண்டுதானே சுமக்கும். இதுல எதயெண்டாலும் தனிய முறுக்கியிருந்தா போதுமே."

"ஒங்கட நாண் என்ன?" என்று கேட்டேன்.

"மரல் நார். வேலிக்கரையில நிக்கிற செடிதான்." மிசினைத் தோளில் ஏற்றினார். "மகள் கேட்டவ," என்று சிரித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. என்னைப் பற்றியல்ல, நாணைப் பற்றி. அறுந்த துண்டுகளைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று பேரும் குந்தினார்கள். நரம்பு முதலில் அறுந்தது, ஆனால் இரண்டு அம்பையும் வட்டத்தில் போட்டதே அதுதான் என்று மாமி சொன்னார். நரம்பு துரோகம் செய்தபிறகும் பருத்தி தனியாக நின்று பார்த்தது என்றார் மாமா. கடைசிவரை அறாமல் நின்றது எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் காக்கா. மூன்று நாணும் மானத்தோடு விடுதலையாயின. குற்றம் கச்சான் காற்றின் மேல் விழுந்தது. நான் தலையாட்ட, எல்லோரும் மனம் நிறைந்து தேத்தண்ணி குடித்து எழும்பினார்கள். மிசின் என்ற சொல் அந்தப் பாயில் ஒரு தரமும் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் என் மனைவிதான்.

அவர்கள் போன பிறகு நான் ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக, "காத்து இப்பிடி அடிக்குமெண்டு ஆர் கண்ட?" என்றேன்.

அவள் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கோபக் குரல் இல்லை. "அந்த மனிசன் அஞ்சு நிமிசம் தாறன் எண்டு சொல்லக்குள்ள நீங்க எந்தப் பக்கம் பாத்தீங்க?"

"எந்தப் பக்கமா?"

"வாப்பாவப் பாத்தீங்க. மறுகா மச்சானப் பாத்தீங்க. மறுகாவும் வாப்பாவப் பாத்தீங்க. கிடுகுல ஓட்ட போட்டு நான் பாத்துக்கிட்டு நிண்ட. இந்தப் பக்கம் ஒருக்காலும் கிறுகிப் பாக்கல்ல."

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கண்ணைத் துடைத்துவிட்டு நானும் ஒரு நல்ல புருசன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குத் தரவில்லை.

மறுநாள் சுபஹு முடிந்து நாங்கள் இரண்டு பேரும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். முற்றத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"புள்ள, தார் முடிஞ்சி போச்சி. வா."

அவள் எழும்பவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லுக்காகப் பார்க்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்றைக்கு அவள் வரமாட்டாள் மாமா, அவளுக்குத் தோள் வலிக்கிறது. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. மாமா இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

நான், "போயிட்டு வா புள்ள, மாமா கூப்பிடுறாரு," என்றேன்.